கோஹா: இரண்டு பேர் நடத்தும் நூலகத்தில் மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

நான் பணிபுரியும் நூலகத்தில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் நூல்கள் இருக்கின்றன. முழுநேரப் பணியாளர் நான் ஒருவரே. பாதி நாள் மட்டும் வரும் உதவியாளர் ஒருவர் உண்டு. விடுமுறைக் காலத்தில் தன்னார்வலர்கள் சிலர் கைகொடுப்பார்கள். மென்பொருளுக்கென்று எங்கள் வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பே கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் கோஹா என்னும் நூலக மேலாண்மை மென்பொருளை மூன்றாண்டுகளாக அன்றாடம் பயன்படுத்திவருகிறேன். அதைப் பற்றி நான் படித்த அறிமுகங்கள் பெரும்பாலும் ‘இலவசம்’ என்று தொடங்கி வசதிகளை அடுக்குவதோடு நின்றுவிட்டன. ஆள் பற்றாக்குறையோடு நூலகம் நடத்துபவருக்குத் தெரிய வேண்டியது வேறு: எந்தப் பகுதி எவ்வளவு வேலை வாங்கும், எந்தப் பகுதி எவ்வளவு வேலையைக் குறைக்கும் என்பதுதான் அது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோஹாவுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அது தன் விலையை நேரமாகக் கேட்கிறது, அதையும் தொடக்கத்திலேயே மொத்தமாகக் கேட்கிறது. எங்களிடம் முதல் எட்டு மாதங்கள் வாங்கிக்கொண்டே இருந்தது. அதன் பிறகுதான் திருப்பித் தரத் தொடங்கியது. அதன் வசதிகளில் கால்பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தொடாமல் விடும் உறுதி இருந்தால், சிறிய நூலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

கோஹா பிறந்ததே வசதி குறைந்த ஒரு நூலகத்தில்தான். நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளை, தன்னிடமிருந்த பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டுத் தேதிச் சிக்கலை (ஆண்டை இரண்டே இலக்கங்களில் வைத்ததால் எழுந்தது) தாங்காது என்று கண்டு, 1999-இல் கட்டிபோ கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனத்தைக் கொண்டு புதிதாக ஒன்றை எழுத வைத்தது. 2000 ஜனவரித் தொடக்கத்தில் அது புழக்கத்துக்கு வந்தது. அதே ஆண்டில், யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் விடும் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை. பெற்றவர் ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற கடப்பாடும் அச்சொல்லுக்குள் இருக்கிறது. இந்த வரலாற்றின் தடம் இன்றும் மென்பொருளில் தெரிகிறது: நூல் கொடுக்கும், வாங்கும் திரைகள் மேசையில் நின்று பணிபுரிந்தவர்களின் தேவையறிந்து அமைந்திருக்கின்றன.

இதற்கு முன் எங்களிடம், வந்த நூல்களை வரிசை எண்ணிட்டு எழுதும் அக்சஷன் பதிவேடும், ஒரே கணினியில் ஓடும் விலைக்கு வாங்கிய மென்பொருள் ஒன்றும் இருந்தன. ஓராண்டு உரிமத்தைப் புதுப்பிக்க எங்களால் பணம் ஒதுக்க முடியாமல் போனது. அதன் பிறகும் அம்மென்பொருள் திறந்தது, தேடவும் முடிந்தது. ஆனால் உள்ளே இருந்த தகவலை வேறு கோப்பாக வெளியே எடுக்கும் வழி மட்டும் அடைக்கப்பட்டிருந்தது. விற்பனையாளரிடம் மூன்று முறை எழுதிக் கேட்டோம். நிலுவையைச் செலுத்தினால்தான் தரமுடியும் என்று ஒரே பதில் வந்தது. நான்காயிரம் நூல்களின் விவரத்தை அச்சடித்து, அந்தத் தாள்களைப் பார்த்து நாங்களே மறுபடியும் தட்டச்சு செய்தோம். ஒரு மென்பொருளை மதிப்பிடும்போது, அதிலிருந்து எப்படி வெளியேறுவது என்ற கேள்வியை நான் முதலில் கேட்பதற்கு அந்த அனுபவமே காரணம்.

கோஹாவை விண்டோஸில் நிறுவ இயலாது. டெபியன் அல்லது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினி ஒன்று வேண்டும். அந்த ஒரு கணினியைத் தவிர வேறு எதிலும் எதையும் நிறுவ வேண்டியதில்லை, ஏனெனில் பணியாளரும் வாசகரும் உலாவி வழியாகவே அதைப் பயன்படுத்துகிறார்கள். பயன்பாட்டிலிருந்து ஒதுக்கிவைத்திருந்த, 4 ஜிபி நினைவகம் கொண்ட மேசைக் கணினியொன்றை நாங்கள் சர்வராக்கினோம். எங்கள் அளவுக்கு அது போதுமானதாக இருக்கிறது. லினக்ஸ் அறிந்த நண்பர் ஒருவர் இரண்டு மாலைகள் உடனிருந்து நிறுவித் தந்தார். அவர் தட்டச்சு செய்த ஒவ்வொரு கட்டளையையும், அது எதற்கு என்ற விளக்கத்தோடு, நான் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். சில மாதங்களில் அவர் வேலை மாறித் தொலைவுக்குப் போய்விட்டார். அந்தக் குறிப்பேடு இல்லாதிருந்தால் சர்வரை மறுதொடக்கம் செய்யக்கூட எங்களுக்குத் தெரிந்திருக்காது.

நிறுவி முடித்ததும் நூல்களை உள்ளிடத் தொடங்கிவிடலாம் என்று எண்ணினோம். கோஹா அதற்கு விடவில்லை. உறுப்பினர்களில் எத்தனை வகை, நூல்களில் எத்தனை வகை, யாருக்கு எதை எத்தனை நாள் கொடுப்பது என்றெல்லாம் முதலில் தீர்மானிக்கச் சொல்கிறது. சிறிய நூலகங்கள் இங்கேதான் தங்களுக்குத் தாங்களே வேலையைப் பெருக்கிக்கொள்கின்றன. நாங்கள் ஆறு உறுப்பினர் வகைகளும் பதினொரு நூல் வகைகளும் வைத்துத் தொடங்கினோம். அதாவது 66 இணைகளுக்கு இரவல் விதி என்ன என்று யோசிக்க வேண்டியிருந்தது. புதினம், சிறுகதை, கவிதை என்ற பிரிவுகளை, நூலின் பொருளைக் குறிக்கும் பகுப்பு எண்ணே சொல்லிவிடும்போது அவற்றைத் தனித்தனி நூல் வகைகளாக்க வேண்டிய தேவை எதுவும் இருக்கவில்லை. இரவல் விதி மாறினால் மட்டுமே நூல் வகை மாற வேண்டும் என்று பிற்பாடு முடிவு செய்து, நூல் வகைகளை நான்காகவும் உறுப்பினர் வகைகளை மூன்றாகவும் குறைத்தோம். ‘அனைத்தும்’ என்ற பொது விதியை ஒருமுறை எழுதி விலக்குகளை மட்டும் தனியாகச் சேர்த்தால் போதும் என்பதால், இன்று எங்கள் விதிப் பக்கத்தில் ஐந்தே வரிகள் இருக்கின்றன.

பட்டியலாக்கத்தில் செலவான நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கோஹா நூல் விவரங்களை, நூலகங்களுக்குப் பொதுவான மார்க் வடிவத்தில் வைக்கிறது: தலைப்புக்கு 245, ஆசிரியருக்கு 100, நூலின் பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு 020 என்று எண்ணிட்ட புலங்கள், ஒவ்வொரு படிக்குமான பார்கோடு, அலமாரியில் நூலின் இடத்தைக் காட்டும் அழைப்பு எண், இருப்பிடம் ஆகியவை கோஹாவுக்கே உரிய 952-இல். இதனோடு வரும் இயல்பான உள்ளீட்டுப் படிவம் பெரிய ஆய்வு நூலகத்துக்கும் போதுமான அளவு விரிவானது. பத்துத் தாவல்களில் நூற்றுக்கணக்கான கட்டங்கள் விரிகின்றன. அதைப் பார்த்ததும் எங்கள் உதவியாளர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். படிவத்தில் எந்தப் புலம் தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று நாமே தீர்மானிக்க இடமுண்டு என்பது ஒரு மாதம் கழித்தே எங்களுக்குத் தெரியவந்தது. பதினான்கு புலங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைத்தோம். ஒரு நூலுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆன வேலை நான்கு நிமிடத்துக்கு இறங்கியது. கோஹாவில் யார் தொடங்கினாலும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது என்று வற்புறுத்துவேன்.

பிற நூலகங்கள் செய்துவைத்த பட்டியலை இறக்கிக்கொள்ளும் இசட்39.50 வசதி, ஆள் குறைந்த நூலகத்துக்குப் பெரிய ஆறுதல். ஐஎஸ்பிஎன்னை இட்டுத் தேடினால் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் போன்றவற்றின் பட்டியலிலிருந்து முழுப் பதிவும் வந்து நிற்கும். நம் படியின் விவரத்தை மட்டும் சேர்த்தால் போதும். ஆங்கில நூல்கள் பெரும்பாலும் இப்படியே முடிந்துவிட்டன. தமிழ் நூல்களுக்கு இது அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. கிடைக்கும் பதிவுகளும் பெரும்பாலும் ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் இருப்பதால், தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் நாமே தமிழில் இட வேண்டியிருக்கிறது.

பழைய பட்டியல் எக்செல் கோப்பாக இருந்தால், மார்க்எடிட் என்ற கட்டணமில்லாத கருவியைக் கொண்டு அதை மார்க் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். எக்செல்லில் நாங்கள் ஒரு பெரும் தவறு செய்தோம். ஐஎஸ்பிஎன் இருக்கும் நெடுவரிசையை எழுத்து வடிவம் என்று முன்கூட்டியே குறிக்காததால், 13 இலக்க எண்கள் எல்லாம் 9.78E+12 என்று சுருங்கிவிட்டன. அதே தோற்றத்தில் கோப்பு சேமிக்கப்பட்டதும் அவற்றின் கடைசி இலக்கங்கள் போய்விட்டன. கோஹா இந்தக் கோப்பை நேராகப் பட்டியலில் சேர்க்காமல் முதலில் ஒரு தற்காலிக இடத்தில் வைத்துப் பார்வையிடச் சொல்கிறது; சேர்த்த பிறகும் அந்தத் தொகுதி முழுவதையும் திரும்பப் பெற முடிகிறது. அந்த ஏற்பாடு இருந்ததால் எழுநூறு பிழையான பதிவுகளை ஒரே சொடுக்கில் நீக்கினோம். அலமாரிக்குப் போய் எழுநூறு நூல்களின் பின்னட்டையைப் பார்த்து எண்ணை எழுதிவந்த வேலையிலிருந்து மட்டும் தப்ப முடியவில்லை.

தமிழ் நூல்கள் வைத்திருக்கும் எவரும் தவறாமல் கவனிக்க வேண்டியது தேடல். கோஹாவின் இயல்பான தேடுபொறி ஜீப்ரா. நாங்கள் நிறுவியபோது அது லத்தீன் எழுத்துகளை மனத்தில் வைத்த எழுத்து அட்டவணையோடு வந்தது. உயிர்மெய்க் குறிகள் நிறைந்த தமிழ்ச் சொற்களை அது சரியாகக் கையாளவில்லை. தலைப்பை எழுத்துப் பிசகாமல் இட்டும் ‘முடிவு இல்லை’ என்று வந்ததைப் பார்த்து, எங்கள் தட்டச்சில்தான் பிழை என்று பல நாள் தேடினோம். அமைப்புக் கோப்பில் அந்த எழுத்து அட்டவணையை நீக்கி, பல மொழி எழுத்துகளையும் கையாளும் ஐசியூ முறைக்கு மாற்றி, முழுப் பட்டியலையும் தேடலுக்காக மீண்டும் அட்டவணைப்படுத்திய பிறகே தமிழ்த் தேடல் சரியாயிற்று. ஜீப்ராவுக்குப் பதில் எலாஸ்டிக்சர்ச் என்ற வேறொரு தேடுபொறியையும் பயன்படுத்தலாம். ஆனால் அதற்குக் கூடுதல் நினைவகம் வேண்டும், பராமரிப்பும் கூடும் என்பதால் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

தேடுபொறி சரியானாலும் பெயர்ச் சிக்கல் தீர்வதில்லை. ஒரே ஆசிரியர் ஒரு நூலில் ‘இராமசாமி’ என்றும் மற்றொன்றில் ‘ராமசாமி’ என்றும் அச்சாகியிருப்பார். முன்னெழுத்து ஓரிடத்தில் முன்னும் வேறோரிடத்தில் பின்னும் நிற்கும். ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிலைப்பெயரை வைத்து, மற்ற வடிவங்களை அதனோடு இணைத்துவிட்டால், வாசகர் எந்த வடிவத்தில் தேடினாலும் எல்லா நூல்களும் ஒரே இடத்தில் கிடைக்கும்படி கோஹாவில் அமைத்துக்கொள்ளலாம். எல்லா ஆசிரியர்களுக்கும் இதைச் செய்ய எங்களுக்கு ஆளில்லை. அதிகம் இரவல் போகும் இருநூறு ஆசிரியர்களுக்கு மட்டும் செய்தோம். ‘அந்த ஆசிரியரின் நூல் ஏதாவது இருக்கிறதா’ என்று மேசைக்கு வந்து கேட்பவர்கள் அதன் பிறகு கண்கூடாகக் குறைந்தார்கள்.

இரவல் மேசையில் கிடைத்த பயனைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. உறுப்பினர் அட்டையை ஒரு முறை, நூலை ஒரு முறை ஸ்கேன் செய்தால் வேலை முடிந்தது; பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கிய காலத்தில் மாலை வேளையில் மேசை முன் வரிசை வாசல்வரை நிற்கும். அதைவிடப் பெரிய சேமிப்பு, யாரும் தொடாமல் நடக்கும் வேலைகளில் கிடைக்கிறது. வேறொருவர் முன்பதிவு செய்யாத நூலாக இருந்தால் இரவல் காலத்தைத் தானாகவே நீட்டிக்கும்படி அமைத்திருக்கிறோம். திருப்பித் தர வேண்டிய நாளுக்கு முன்பே மின்னஞ்சல் நினைவூட்டல் போய்விடுகிறது. முன்பு வாரத்தில் ஓர் அரைநாளைத் தொலைபேசி நினைவூட்டல்களுக்கென்றே ஒதுக்கியிருந்தேன். இப்போது அந்த அரைநாளில் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கிறோம். மின்னஞ்சல் அனுப்பும் அமைப்பைச் சரிசெய்யச் சில நாள் பொறுமை வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொடக்கத்தில் எங்கள் நினைவூட்டல்கள் எல்லாம் வாசகர்களின் குப்பை அஞ்சலில்தான் போய் விழுந்தன.

தாமதக் கட்டணத்தை நாங்கள் நிறுத்திவிட்டோம். அதைக் கணக்கிடக் கோஹாவுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் சில்லறை வாங்குவது, ரசீது தருவது, மாதக் கடைசியில் கணக்கு ஒப்படைப்பது ஆகியவற்றுக்கு ஆகும் பணியாளர் நேரம், கிடைக்கும் தொகைக்கு ஈடாகவில்லை. அதற்குப் பதில், குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் நூலைத் திருப்பாதவரின் கணக்கில் புதிய இரவலுக்குத் தடை தானாக விழும்படி வைத்திருக்கிறோம். நூல் திரும்பியதும் தடையை நீக்கிவிடுகிறோம். தன்னார்வலர்களுக்கு நூல் கொடுக்கவும் வாங்கவும் மட்டும் அனுமதி கொடுத்து, பட்டியலைத் திருத்தும் அனுமதியைத் தராமல் வைக்க முடிவது எனக்குப் பெரிய நிம்மதி. மின்சாரமோ வலைத்தொடர்போ நின்றுபோகும் நாளுக்காக மேசை இழுப்பறையில் ஒரு சாதாரண நோட்டு இருக்கிறது. அதில் எழுதியதைப் பிற்பாடு உள்ளிடும்போது, நூல் உண்மையில் திரும்பிய தேதியைக் குறிப்பிட இடமிருப்பதால் வாசகருக்குத் தவறான தாமதம் பதிவாவதில்லை.

இருப்புச் சரிபார்ப்புக்காக முன்பு ஆண்டுதோறும் நூலகத்தை மூன்று வாரம் மூடினோம். இப்போது மூடுவதே இல்லை. நாளுக்கு ஓர் அலமாரி என்று வைத்துக்கொண்டு, மடிக்கணினியோடும் ஸ்கேனரோடும் அதன் முன் அமர்ந்து, ஒவ்வொரு நூலின் பார்கோடையும் ஒரு வெற்று உரைக் கோப்பில் ஏற்றுகிறோம். அந்தக் கோப்பைக் கோஹாவிடம் கொடுத்து, எந்தப் பகுப்பு எண்ணிலிருந்து எதுவரை என்று சொன்னால், அங்கே இருக்க வேண்டியும் இல்லாத நூல்கள், அங்கே இருக்கக் கூடாமல் இருப்பவை, இரவல் போனதாகப் பதிவிருந்தும் அலமாரியில் நிற்பவை என எல்லாவற்றையும் பட்டியலிட்டுத் தருகிறது. முதல் சுற்றில் வரலாற்று அலமாரியில் பதினேழு நூல்கள் காணாமற்போனவையாக வந்தன. அவற்றில் பதினொன்று பக்கத்து அலமாரிகளில் இடம் மாறி இருந்தன. இரண்டு நூல்கள் அலமாரிக்கும் சுவருக்கும் இடையே விழுந்து கிடந்தன.

வாங்கும் பணம் குறைவாக இருக்கும்போது, எதை வாங்குவது என்பதை ஊகத்தால் முடிவு செய்யக் கூடாது. கோஹாவின் அறிக்கைப் பகுதி, டேட்டாபேஸிடம் தகவல் கேட்பதற்கான எஸ்க்யூஎல் என்ற மொழியில் எழுதிய கேள்விகளால் இயங்குவது; எனக்கு அந்த மொழி தெரியாது. உலகெங்குமுள்ள நூலகர்கள் தாங்கள் எழுதிய கேள்விகளைக் கோஹா விக்கியில் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அவற்றிலிருந்து எடுத்து, தேதியையும் வகைப்பெயரையும் மட்டும் மாற்றிப் பயன்படுத்துகிறேன். இந்தப் பகுதியில் தகவலைப் படிக்கத்தான் முடியும், அழிக்கவோ மாற்றவோ முடியாது என்பதால் அச்சமின்றி முயன்று பார்க்கலாம். மூன்றாண்டில் ஒருமுறைகூட இரவல் போகாத நூல்கள் எவை, ஒரு படிக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்ற இரண்டு அறிக்கைகளே எங்கள் கொள்முதலை நடத்துகின்றன. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு: நூலகத்திலேயே அமர்ந்து படிக்கப்படும் நூல் இரவல் கணக்கில் வராது. ஆகவே மேசைகளில் விடப்பட்ட நூல்களை அலமாரியில் வைக்குமுன் ஒருமுறை ஸ்கேன் செய்து, உள்ளகப் பயன்பாடாகப் பதிகிறோம். அதைச் செய்யத் தொடங்கியிராவிட்டால், நாள்தோறும் புரட்டப்படும் இரண்டு அகராதிகளையும் ஒரு போட்டித் தேர்வுக் கையேட்டையும் விலக்கும் பட்டியலில் சேர்த்திருப்போம்.

கொள்முதல், பருவ இதழ் ஆகிய பகுதிகளை நாங்கள் தொடவில்லை. பத்துக்கும் குறைவான இதழ்கள் வரும் இடத்தில் அவற்றின் வருகை முறையைக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பதைவிடச் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டுவது எளிது.

குறைகளும் உண்டு. நூலின் முதுகில் ஒட்டும் சீட்டும் பார்கோடும் அச்சிடும் பகுதி மிகவும் சோதிக்கிறது. அச்சுப்பொறியின் ஓரங்களுக்கு ஏற்ப மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தி, பத்துப் பன்னிரண்டு தாள்களை வீணாக்கிய பிறகே எழுத்து சீட்டுக்குள் நின்றது. ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதத்திலும் நவம்பரிலும், புதிய பதிப்பு வருகிறது. இருவர் மட்டுமே இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றையும் துரத்துவது இயலாத காரியம், அதே நேரம் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோகும் அளவுக்குப் பின்தங்குவதும் தவறு. நாங்கள் ஆண்டுக்கொரு முறை மட்டும் மாறுகிறோம், அதுவும் வேறொரு கணினியில் ஒத்திகை பார்த்த பிறகே. எல்லாவற்றையும்விட முக்கியமானது காப்பு நகல். லினக்ஸின் ஆயத்த மென்பொருள் தொகுப்பாக நிறுவப்படும் கோஹா நாள்தோறும் தானே காப்பு நகல் எடுக்கிறது. ஆனால் அதை அதே சர்வரில்தான் வைக்கிறது, சில நாள்களில் பழையதை அழித்தும் விடுகிறது. அந்த வன்தட்டு பழுதானால் பட்டியலும் போகும், அதன் நகலும் போகும். ஒவ்வொரு மாலையும் நகலை வெளியே ஒரு தட்டுக்கு மாற்றுவதை, விளக்கை அணைப்பதற்கு முன்னுள்ள வேலையாக வைத்திருக்கிறோம்.

ஆயிரம் நூல்களுக்குக் குறைவாக, ஒரே ஒருவர் கொடுத்து வாங்கும் நூலகத்துக்குக் கோஹா தேவையில்லை; ஒழுங்காக வைத்த எக்செல் கோப்பே போதும். அதற்கு மேல் நூல்கள் இருந்தும் லினக்ஸ் பக்கம் போக யாரும் இல்லையென்றால், கோஹாவை நிறுவிப் பராமரித்துத் தரும் சேவை நிறுவனங்களை நாடலாம். அப்போது அது இலவசமாக இராது. என்றாலும் ஒரு நிறுவனம் சரியில்லையென்றால், அதே மென்பொருளோடும் அதே தரவோடும் இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளலாம் என்பதால் செலவு செய்யத் தகுந்தது. ஒப்பந்தம் போடும்போது, முழு டேட்டாபேஸ் நகலும் கேட்ட நேரத்தில் தரப்பட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியேறும் வழியை நான் சோதித்துப் பார்த்துவிட்டேன். கோஹாவின் ஏற்றுமதிப் பகுதியைத் திறந்து, நூல் பதிவுகளோடு படிகளின் விவரத்தையும் சேர்க்கும்படி குறித்து அழுத்தினேன். சில நிமிடங்களில் ஒன்பதாயிரம் நூல்களும் ஒரே மார்க் கோப்பாக என் கணினியில் இறங்கின. அதை மார்க்எடிட்டில் திறந்து இடையிடையே ஐம்பது பதிவுகளை எடுத்து அலமாரியோடு ஒப்பிட்டேன். தமிழ் எழுத்துகள் உட்பட எதுவும் சிதையவில்லை. இந்தச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்கிறோம். அடுத்தது வரும் மாதம். அதை எங்கள் உதவியாளரே தனியாகச் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.